சகசமலமும் சென்ம பாவமும்

தொண்டை நாட்டிலே, மூர்க்க நாயனார் அவதரித்த திருவேற்காட்டிற்கும் திருமழிசைக்கும் மேற்கே, குத்தம்பாக்கம் என்னும் ஊர் உளது. தமிழ்நாட்டரசு 1997-இல் தொடங்கிய சமத்துவபுரத் திட்டத்தின் வழியே அவ்வூரில் ஒரு குடியிருப்பு எழுந்தது. அங்கே வீடுகள் இரண்டிரண்டாக, நடுவில் ஒரே பொதுச் சுவர் நிற்குமாறு கட்டப்பட்டன. சுவரின் ஒருபுறம் பட்டியற் சாதிக் குடும்பம் ஒன்றும், மறுபுறம் வேறு சாதிக் குடும்பம் ஒன்றும் குடியேறின. 1996-இல் அவ்வூராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பெற்ற இளங்கோ என்னும் பொறியாளர் இதனை முன்னின்று நடத்தினார். தந்தைவழி வந்ததோர் இழுக்கு ஒருவன்பால் உண்டெனக் கொண்டு, ஊரையும் சேரியையும் இடைவெளி விட்டு வகுத்துவந்த நாட்டிலே, அச்சுவர் ஒரு பழைய வினாவை மீண்டும் எழுப்பிற்று. மாந்தர் பிறக்கும்போதே குற்றத்தோடு பிறக்கின்றனரோ? பிறக்கின்றனர் எனின், அக்குற்றம் பெற்றோர்வழி வருவதோ, அவரவர் உயிர்க்கே உரியதோ?

இவ்வினாவைக் கிறிஸ்தவ சமயத்தார் நெடுங்காலமாக ஆராய்ந்து, 'சென்ம பாவம்' என்னும் கொள்கையாக நிறுத்தியுள்ளனர். சைவ சித்தாந்தமோ சகசமலம் என்னும் ஆணவத்தால் இதற்கு விடை கூறும். இவ்விரண்டையும் பற்றிச் சைவருட் சிலர் இருவகையாகப் பிழைபடுகின்றனர். இரண்டும் பெயரளவிலே வேறுபட்ட ஒரே பொருள் என்பார் ஒருசாரார். குழந்தை மாசற்றே பிறக்கின்றது, பிறவிக் குற்றம் என்பது பிறர் கட்டிய கதை என்பார் மற்றொருசாரார். முன்னையோர் கிறிஸ்தவக் கொள்கையையும், பின்னையோர் தம் சமயக் கொள்கையையும் உள்ளவாறு அறிந்திலர். ஆகலின் இவ்விரு கொள்கைகளும் எவ்விடத்து ஒக்கும், எவ்விடத்துப் பிரியும் என்பது ஈண்டு ஆராயற்பாலதாகின்றது.

கிறிஸ்தவர் கொள்கை

விவிலியத்தின் முதனூலாகிய ஆதியாகமம், ஆதாமும் ஏவாளும் விலக்கப்பட்ட கனியை உண்டு தோட்டத்தினின்றும் அகற்றப்பட்ட வரலாற்றைக் கூறும். உழைப்பின் துன்பமும் சாவும் அதன் பயனாகச் சொல்லப்பட்டன. ஆயினும் அவர்தம் பாவமே மக்கட்கும் பாவமாய் இறங்கிற்று என்னும் முடிவு அவ்வத்தியாயத்திற் சொல்வடிவாகக் காணப்படுவதன்று. அந்நூலையே தமக்கும் மறையாகக் கொண்ட யூதர் அம்முடிவைக் கொண்டிலர். ஆதாமை மதிக்கும் இஸ்லாமியரும் ஒருவர் சுமையை மற்றொருவர் சுமவார் என்றே கொள்வர். பவுல் என்பார் உரோமர்க்கு எழுதிய திருமுகத்தில் ஆதாமையும் கிறிஸ்துவையும் எதிரெதிர் நிறுத்தி உரைத்த இடமே இக்கொள்கைக்கு வித்தாயிற்று.

அவ்வித்தை மரமாக்கியவர் வட ஆப்பிரிக்காவில் ஹிப்போ நகர ஆயராயிருந்த அகுஸ்தீனார் (354–430). தம் வாழ்க்கை வரலாற்றில் அவர் ஒரு காட்சியைக் குறிக்கின்றார். பேசவும் அறியாத பாலகன் ஒருவன், தன்னோடு பாலுண்ணும் மற்றொரு குழவியை முகம் வெளுத்துக் கசப்போடு நோக்கினானாம். செய்வினை ஒன்றும் செய்யாத குழந்தையிடத்தும் 'எனக்கே' என்னும் முனைப்பு முற்படத் தோன்றுகின்றதன்றோ? இம்முனைப்பு எங்ஙனம் வந்தது என்பதே அவர் வினா. அவரோடு மாறுபட்ட பெலாஜியுஸ் என்னும் துறவி, ஒவ்வொருவரும் வீழ்ச்சிக்கு முன் ஆதாம் இருந்த நிலையிலேயே பிறக்கின்றனர் என்றும், தம் விருப்பத்தாலேயே நன்மையில் நிற்க வல்லர் என்றும் கூறினார். 418-இல் கார்த்தேஜ் நகரிலும், 529-இல் ஓரஞ்சு நகரிலும் கூடிய சங்கங்கள் பெலாஜியுஸ் வழியாரை மறுத்தன. 1546-இல் திரெந்து சங்கம், அப்பாவம் ஆதாமைப் பார்த்து நடத்தலால் வருவதன்று, பிறப்பின் வழியே வருவது என்றும், ஞானஸ்நானத்தால் நீங்குவது என்றும் வரையறுத்தது.

இனி, கிறிஸ்தவர் அனைவரும் இதனை ஒருபடித்தாகக் கொள்வர் என்று கருதுதல் தவறாம். ஞானஸ்நானத்தின் பின்னும் எஞ்சும் இச்சையானது பாவத்தினின்று வருவது, பாவத்திற்குச் சாய்ப்பது, தன்னளவிற் பாவமன்று என்பது கத்தோலிக்கர் துணிபு. அவ்விச்சையும் மெய்யாகவே பாவம் என்பது 1530-இல் ஆக்ஸ்பர்க்கு நகரில் அறிக்கையிட்ட லுத்தரனார் துணிபு. கீழைத் திருச்சபையினர், ஆதாமிடமிருந்து சாவும் கேடும் மக்கட்கு வந்தன, பழி வந்திலது என்பர். 1992-இல் வெளிவந்த கத்தோலிக்க மறைக்கல்வி நூலும், சென்ம பாவம் செய்யப்பட்ட பாவமன்று, அடையப்பட்ட நிலை, ஒப்புமை பற்றியே பாவம் எனப்படுவது என விளக்குகின்றது. ஆகவே, தந்தை செய்த குற்றத்திற்கு மகனைத் தண்டிப்பவர் அவர்கள் கடவுள் என்று ஒரே வரியில் எழுதி மறுத்துவிட்டதாக மகிழும் சைவர், மறுக்கப்படும் பொருளை இன்னும் கண்டிலர் என்க.

மூலவாக்கியத்தின் பொருள்

பவுல் எழுதிய திருமுகத்து ஐந்தாம் அத்தியாயப் பன்னிரண்டாம் வாக்கியத்தில் ஒரு கிரேக்கச் சொற்றொடர் உளது. 'எஃப் ஹோ' என்னும் அத்தொடரை 'ஆதலால்' என்னும் காரணப் பொருளில் உரைப்பின், எல்லாரும் தாந்தாமே பாவஞ் செய்தமையின் சாவு எல்லார்க்கும் வந்தது எனப் பொருள்படும். இலத்தீன் மொழிபெயர்ப்பில் அது 'இன் குவோ' என நின்றது. அதற்கு 'அவனிடத்தில்' என்றும் பொருள் கொள்ளலாம். அகுஸ்தீனார் இலத்தீன் வழியே ஓதியவராகலின், ஆதாமிடத்திலே எல்லாரும் பாவஞ் செய்தனர் எனக் கொண்டார். இக்காலக் கிரேக்கப் புலவருட் பலர் காரணப் பொருளையே கொள்கின்றனர். தமிழில் வழங்கும் விவிலிய மொழிபெயர்ப்பும் அதனையே தழுவி நிற்கின்றது.

ஒரு வேற்றுமையுருபின் மயக்கத்தால் ஒரு பெருங்கொள்கையே எழுந்தது எனச் சொல்லி முடிக்க விரும்புவாரும் உளர். அது மிகை. அவ்வத்தியாயத்திலேயே பத்தொன்பதாம் வாக்கியம், ஒருவன் கீழ்ப்படியாமையாற் பலர் பாவிகளாயினர் என்னும் கருத்தைத் தருகின்றது. ஆகலின் கொள்கைக்குச் சார்பு வேறும் உண்டு. ஆயினும் எதிர்ச்சார்பும் அந்நூலிலேயே உளது. எசேக்கியேல் ஆகமத்தின் பதினெட்டாம் அத்தியாயம் தந்தையின் அக்கிரமத்தை மகன் சுமவான் என வலியுறுத்துகின்றது. யோவான் எழுதிய நற்செய்தியின் ஒன்பதாம் அத்தியாயத்தில், பிறவிக் குருடன் ஒருவனைக் கண்ட சீடர், இவன் செய்த பாவமோ, இவன் பெற்றோர் செய்த பாவமோ என வினவ, இயேசு இரண்டையும் மறுக்கின்றார். குற்றம் குலவழி இறங்கும் என்பதும் இறங்காது என்பதும் கிறிஸ்தவ மறையுள்ளேயே தம்முட் பொருகின்றன. அப்போரைத் தீர்க்க வேண்டுபவர் அவரே. சைவர்க்கு வேண்டுவது அப்போர் உண்டென்று அறிந்து பேசுதல்.

தமிழிற் புகுந்த சொல்

1606-இல் மதுரைக்கு வந்து 1656-இல் மயிலாப்பூரில் உயிர்நீத்த இராபர்ட்டு தெ நொபிலி என்னும் தத்துவபோதகர், 'புனர்ஜென்ம ஆக்ஷேபம்' என ஒரு நூல் செய்து மறுபிறப்பை மறுத்தார். 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு லுத்தரன் சபையின் வழியே அக்கொள்கையைப் பரப்பினார். தமிழ்க் கத்தோலிக்கர் மறைக்கல்வியிலே பாவம் 'சென்ம பாவம்', 'கன்ம பாவம்' என இருவகைப்படுத்துக் கற்பிக்கப்பட்டு வந்தது. முன்னது பிறப்போடு வருவது. பின்னது தானே செய்வது.

இச்சொற்களைச் சைவர் செவி எங்ஙனம் கேட்கும் என்பது எண்ணத்தக்கது. தமிழிற் பாவம் என்பது தீவினை. வினை என்பது செய்யப்படுவது. செய்யப்படுவதற்குச் செய்வோன் ஒருவன் வேண்டும். ஆகலின் 'சென்ம பாவம்' எனக் கேட்ட சைவர், முற்பிறப்பிற் செய்த தீவினை எனப் பொருள்கொண்டனர். மறுபிறப்பையும் மறுத்துச் சென்ம பாவத்தையும் நாட்டிய ஆசிரியர்மாட்டு, செய்வோன் இல்லாத வினையை உண்டென்பார் எனக் குற்றங் கூறினர். உண்மையில் அக்கிறிஸ்தவ ஆசிரியர் குறித்தது வினையை அன்று, வினைக்கு முற்பட்ட ஒரு நிலையை. சொல் பிறழ்ந்தமையாற் பூசல் பெருகிற்று.

யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் (1822–1879) இப்பிழைக்கு இடங்கொடாதவர். பேர்சிவல் பாதிரியார்க்கு உதவியாயிருந்து விவிலியத்தைத் தமிழாக்குதலிற் பங்கு கொண்டார். அம்மொழிபெயர்ப்பு 1850-இல் வெளிவந்தது. அதன் பின்னரே 1854-இல் 'சைவதூஷண பரிகாரம்' எழுதினார். எதிரியின் நூலை எழுத்தெழுத்தாகப் பயின்றபின் மறுத்தமையே அம்மறுப்பிற்கு வலி தந்தது.

நிற்க. சென்ம பாவம், கன்ம பாவம் என்னும் அப்பகுப்பிலே சைவர் கண்டு மகிழத்தக்கதொன்று உளது. செய்யும் குற்றத்தின் கீழே, செய்யாத முன்னரே உள்ள ஒரு குற்றம் உண்டு என்பதே அப்பகுப்பின் உட்கிடை. சித்தாந்தமும் கன்மத்தின் கீழ் ஆணவத்தை வைக்கின்றது. வினை செய்தலாற் கட்டு வந்ததன்று. கட்டுண்டு கிடந்தமையால் வினை விளைந்தது. குழந்தை மாசின்றிப் பிறந்து வினையால் மாசுறுகின்றது என்னும் சைவர், மெய்கண்டார் பக்கம் நில்லாது, தம்மை அறியாமலே பெலாஜியுஸ் பக்கம் நிற்கின்றனர்.

சித்தாந்தம் கூறும் சகசமலம்

மெய்கண்டதேவர் அருளிய சிவஞானபோதத்து நான்காஞ் சூத்திரம் ஆணவத்தைச் சகசமலம் எனப் பெயரிட்டு வழங்குகின்றது. சகசம் என்பது உடன்றோன்றியது என்னும் பொருட்டு. உயிர் என்று உண்டோ அன்றே அதுவும் உண்டு. ஆகவே 'பிறவியிலேயே உள்ளது' என்னும் அளவில் சென்ம பாவத்திற்கும் இதற்கும் பெயரொப்புமையே உண்டெனலாம். ஆயின் இங்கே 'பிறவி' என்பது தாய் வயிற்றினின்றும் பிறத்தலைக் குறியாது. எல்லாப் பிறவிக்கும் முன்னாகிய அநாதி நிலையையே குறிக்கும்.

செம்பிற் களிம்பும், நெல்லின் உமியும் இதற்கு உவமையாகக் காட்டப்படும். நெல்லுக்கு உமியை இட்டவர் யார், எந்நாளில் இட்டனர் என வினவுவாரில்லை. உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனில் ஓரதிகாரத்தை இருண்மலநிலை என இதற்கே ஒதுக்கினார். புறவிருள் பொருளை மறைப்பினும் தன்னை இருள் எனக் காட்டும். ஆணவமோ பொருளையும் மறைத்துத் தன்னையும் மறைக்கும். இருளில் நிற்பவன் தான் இருளில் நிற்றலை அறிவான். ஆணவத்தில் நிற்பவன் அதனையும் அறியான்.

அன்றியும், சித்தாந்திகள் இம்மலத்தை அறிவின்மை என்னும் வெறுமையாகக் கொள்ளாது, உள்பொருளாகவே கொள்வர். கண்ணிற் படலம் ஒளியின்மை மாத்திரமன்று. ஒளியைத் தடுக்கும் ஒரு பொருள். படலம் உண்டென அறிந்தமை மாத்திரையால் அது நீங்காது. மருத்துவன் கை வேண்டும். ஆகலினன்றே தீக்கையும் குருவருளும் வேண்டப்பட்டன. உடலும் உலகும் அப்படலத்தை நீக்குதற்குத் தரப்பட்ட கருவிகள். வண்ணான் சாணத்தையும் உவர்மண்ணையும் இட்டு ஆடையின் அழுக்கைப் போக்குமாறுபோல, இறைவன் மாயையையும் கன்மத்தையும் கூட்டி ஆணவத்தின் வலியை அடக்குகின்றான்.

ஒப்புமையும் வேற்றுமையும்

ஒக்கும் இடங்கள் இவை. செயலுக்கு முற்பட்ட கேடு உண்டு. அது எல்லார்க்கும் பொது. உயிர் தன் முயற்சியான் மாத்திரம் அதனைக் களைய மாட்டாது. அருள் வேண்டும். அருள் பெற்றபின்னும் ஒரு சுவடு எஞ்சும். கத்தோலிக்கர் அதனை இச்சை என்பர். சித்தாந்திகள் வாசனாமலம் என்பர்.

பிரியும் இடங்கள் மூன்று.

முதலாவது, அகுஸ்தீனார் வழியில் அக்கேடு பழியாகவும் கொள்ளப்பட்டது. பழி என்பது தண்டத்திற்கு உரிமை தருவது. ஞானஸ்நானம் பெறாது இறந்த குழவிகள் மிக மெல்லியதாயினும் ஒரு தண்டத்தை அடையும் என அவர் எழுத நேர்ந்தது இதனாலேயே. பின்வந்த ஆசிரியர் அக்கடுமையைக் குறைத்து, துன்பமில்லாத ஓர் எல்லையிடத்தை அக்குழவிகட்கு வகுத்தனர். 2007-இல் கத்தோலிக்க இறையியற் குழுவினர், அக்குழவிகளும் உய்வர் என நம்புதற்கு ஏதுக்கள் உள என அறிக்கை வெளியிட்டனர். ஆயிரத்தைந்நூறு ஆண்டுகட்கு மேலாக அருளுடை நெஞ்சங்கள் அவ்விடத்தே இடர்ப்பட்டமை இதனாற் புலனாம். சித்தாந்தத்தில் ஆணவம் இருள், நோய், படலம். அது பழியன்று. குருடனைக் குருடாயிருந்தமைக்கு ஒறுப்பாரில்லை. ஆகலின் அவ்விடர் இங்கே எழுதற்கு இடமில்லை.

இரண்டாவது, சென்ம பாவத்திற்குத் தோற்றம் உண்டு. நன்றாகப் படைக்கப்பட்ட மாந்தன் ஒருநாள் வீழ்ந்தான். நன்றானவன் ஏன் வீழ்ந்தான் என்னும் வினாவிற்கு, அவன் விருப்பத்தின் உரிமையே விடையாகக் கூறப்படும். ஆயின் மாசற்ற விருப்பம் தீமையை நோக்கி அசைதற்குக் காரணம் யாது என்பது எஞ்சி நிற்கும். சகசமலத்திற்குத் தோற்றம் இல்லை. பதி, பசு, பாசம் மூன்றும் அநாதி. இறைவன் மலத்தைப் படைத்திலன், உயிரும் அதனைத் தேடிக் கொண்டிலது. ஆகலின் பழி இறைவனையும் சாராது, உயிரையும் சாராது.

மூன்றாவதே தலையாயது. சென்ம பாவம் குலவழி இறங்குவது. ஆணவம் உயிர்தோறும் தனியே நிற்பது. அருணந்தி சிவாசாரியார் ஆணவம் ஒன்றாயினும் அளவிறந்த சத்திகளை உடையது என்பர். உயிரொன்றற்குச் சத்தி ஒன்றாக மறைத்தலின், ஒருவர் மலம் மற்றொருவர்க்குச் செல்லுமாறில்லை. தந்தை மகனுக்கு உடலைத் தருகின்றான். அவ்வுடல் மாயையின் காரியம். மகனுயிரின் மலத்தைத் தந்தை தருமாறில்லை.

இவ்விடத்தில் அகுஸ்தீனார் உற்ற இடர்ப்பாடு நினைக்கத்தக்கது. உயிரும் பெற்றோர் உயிரினின்றே வருவதோ, ஒவ்வொருயிரையும் இறைவன் புதிதாகப் படைக்கின்றானோ என்பதனை அவர் கடைசிவரை துணிந்திலர். 415-இல் ஜெரோம் முனிவர்க்கு எழுதிய திருமுகத்தில் இதனையே வினவினார். உயிர் உயிரினின்று வருமாயின் அது கூறுபடும் பொருளாய் அழிவுறும். இறைவன் புதிதாகப் படைப்பானாயின், மாசற்ற உயிரை அவனே மாசுற்ற மரபிற் புகுத்துகின்றான் என்றாகும். கத்தோலிக்கர் பின்னதையே கொண்டனர். அதற்கு அக்குவினாசு தோமையார் கூறும் விடை நுண்ணியது. சென்ம பாவம் புதிதாய் ஒட்டும் மாசன்று, ஆதி மாந்தர்க்கு மிகையாக அருளப்பட்ட ஒரு செம்மையின் இழப்பு என்பர். செல்வத்தை இழந்த தந்தையின் மகன் வறியனாய்ப் பிறத்தல் போல்வது அது. இவ்விளக்கத்தை ஏற்பின் அநீதி பெரிதும் குறைகின்றது. ஆயினும், வறியனாய்ப் பிறந்தவனைக் கடனாளி என்னலாமேயன்றிக் கள்வன் என்னலாகாது. இழப்பிற்குப் பாவம் என்னும் பெயரும், பழியும் எங்ஙனம் பொருந்தும் என்பதே எஞ்சும் வினா.

தடையும் விடையும்

அற்றேல், அநாதியே ஒரு குற்றமும் செய்யாத உயிர் இருளிற் கிடந்தது என்றலும் அநீதியன்றோ எனின், அநீதி என்பது இழைப்பான் ஒருவன் உளனாயவிடத்தே எழுவது. இழைப்பானின்றி உள்ள கேட்டைத் துன்பம் எனலாம், அநீதி எனலாகாது. ஏன் அவ்வாறு உளது என்பதற்குச் சித்தாந்தம் காரணங் காட்டப் புகவில்லை. உள்ளதை உள்ளதென்று கூறி, நீக்கும் நெறியையே காட்டிற்று.

மலம் பழியன்றாயின், கொடுமை செய்வான் ஆணவத்தின்மேற் பழியை ஏற்றித் தான் தப்புவானன்றோ எனின், அற்றன்று. கண்ணிற் படலம் உடையான் படலத்திற்குப் பழியாளனல்லன். கோல் கொடுத்தவிடத்துக் கொள்ளாது, வழிச்செல்வாரை மோதித் தள்ளின் அதற்குப் பழியாளனாவான். ஆணவம் நோய், கன்மம் செயல். செயலுக்குப் பொறுப்பு உண்டு.

இனி மூன்றாவதாகிய தடை கடியது. இழிகுலத்துப் பிறத்தல் முற்பிறப்பின் வினைப்பயன் என்னும் சைவர், செய்யாத தந்தை குற்றத்தை மகன்மேல் ஏற்றுவாரினும் கொடியராய், துன்புறுவானையே துன்பத்திற்குக் காரணனாக்குகின்றனரன்றோ என்பது. இத்தடையை மறைத்தல் நேர்மையன்று. விடை இது. இன்னார்க்கு இன்ன வினை இன்ன பயன் தந்தது என்பதனை வினைமுதல்வனாகிய சிவனன்றி அறிவாரில்லை. ஒருவன் உடலைக் கண்டு அவன் வினையைக் கணித்தல் உயிர்கட்குக் கூடாது. அங்ஙனம் கணித்து, அவன் வினை என்று சொல்லி அவனுக்குத் தண்ணீரை மறுப்பவன், அவன் வினையை நிறைவேற்றினானல்லன், தனக்கு ஆகாமியத்தையே ஈட்டினான். வினைக்கொள்கை தன்னை நோக்கி ஓதற்குரியதேயன்றிப் பிறனை நோக்கி ஓதற்குரியதன்று.

சைவர் தம்மை நோக்கிக் கேட்க வேண்டுவது

குற்றம் குலவழி வாராது என்பதனைக் கிறிஸ்தவரை மறுத்தற்கு மாத்திரம் கையாண்டு, தம் வீட்டு வாயிலில் மறந்துவிடுதல் சித்தாந்திக்கு ஏலாது. சென்ம பாவக் கொள்கை எத்துணைக் கடியதாயினும் அரசனுக்கும் ஆண்டிக்கும் ஒப்பவே விதிக்கப்பட்டது. அதனால் ஒருவன் மற்றொருவனினும் தூயன் எனத் தருக்குதற்கு இடமில்லை. சாதித்தீட்டோ சிலர்க்குமட்டும் விதிக்கப்பட்ட பிறவிக் குற்றம். அதனை நீக்குதற்கு ஞானஸ்நானம் போலும் ஒரு வாயிலும் வைக்கப்பட்டிலது. நெறியளவில் நோக்கின், மறுக்கப்பட்ட கொள்கையினும் கைக்கொண்ட வழக்கே தாழ்ந்தது.

கிறிஸ்தவரும் இக்குற்றத்தினின்று நீங்கினரல்லர். எல்லாரும் ஒப்பப் பாவிகள் என ஓதிய சபைகளுள்ளும் சாதி நுழைந்தது. கல்கத்தா ஆயர் டானியல் வில்சன் 1833-இல் தென்னாட்டுச் சபைகளிற் சாதி வேற்றுமை ஒழிக எனத் திருமுகம் விடுக்க வேண்டியிருந்தது. வடக்கன்குளத்துக் கத்தோலிக்கக் கோயிலுள் சாதியாரை வேறு பிரித்து நிறுத்திய தடுப்பு 1910-இலேதான் அகற்றப்பட்டது. சைவத் திருக்கோயில்களோ 1939-இல் மதுரையிலும், 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தின்பின் சென்னை மாகாணமெங்கும் எல்லார்க்கும் திறக்கப்பட்டன. இரு சமயத்தார்க்கும் கொள்கை ஒருவழியும் ஒழுக்கம் ஒருவழியுமாயிருந்தமை இதனால் விளங்கும்.

இங்கே ஒரு வினா எழும். குத்தம்பாக்கத்திற்குத் தென்கிழக்கே குன்றத்தூரிற் பிறந்த சேக்கிழார் பெருமான் அருளிய பெரிய புராணத்திலே, திருநாளைப்போவார் தில்லையிலே தீயில் மூழ்கி எழுந்தாராகக் கூறப்பட்டதன்றோ? பிறப்பிலே நீக்கவேண்டுவதோர் இழுக்கு இருந்ததென்பதற்கு அது சான்றாகாதோ? இவ்வினாவைத் தட்டிக் கழித்தல் தகாது. சேக்கிழார் தம் காலத்து உலகவழக்கை உள்ளவாறு காட்டினார். வாயிலிற் புகலாகாது என அஞ்சி நின்றவர் நாயனார். அவ்வச்சத்தை அவர்க்கு ஊட்டியது உலகம். தீயுட் புகுமுன்னரே அவரை அழைத்தவர் இறைவர். தீயினாலன்றி அருள் செல்லாதாயின், முன்னரே திருப்புன்கூரில் நந்தியை விலகச் செய்து தரிசனம் தந்தது எதனால்? சித்தாந்த நெறியிற் பார்ப்பின், உடல் மாயேயம். அதனை வேவச் செய்வதால் உயிரின் ஆணவம் வேவாது. ஆணவம் முன்னரே நைந்து, அருள் பதிந்தமையாலன்றே நாளைப்போவேன் நாளைப்போவேன் என அவர் உருகினார். ஆகவே தீ எரித்தது அவர்தம் குற்றத்தையன்று. அவரைப் புறத்தே நிறுத்தினார் கண்ணிலிருந்த படலத்தையே எனக் கொள்ளின், புராணமும் சாத்திரமும் மாறுகொள்ளா. இவ்வாறு கொள்ளாது, புராணத்தைக் கொண்டு பிறவி இழிவை நாட்டுவார், சைவத்தினுள்ளே சென்ம பாவத்தை நுழைப்பாராவர். அதுவும் எல்லார்க்கும் பொதுவென்னும் அதன் நன்மையை நீக்கி நுழைப்பாராவர்.

தொகுத்துரைப்பின், சென்ம பாவக் கொள்கையில் உயிரின் ஆழ்ந்த கேட்டைக் கண்ட கண் மெய்க்கண். அதனை மாசற்ற குழவி என்னும் இனிய சொல்லால் மறுத்தல் ஆகாது. அக்கேட்டைப் பழியாக்கியதும், குலவழி இறக்கியதுமே மறுக்கற்பாலன. அம்மறுப்பு மெய்யாயின், அது மறுப்பவரையும் கட்டும். ஒருவன் பெற்றோரைக் கண்டு அவன் மாசை அளக்கும் உரிமை கிறிஸ்தவர்க்கும் இல்லை, சைவர்க்கும் இல்லை.

குத்தம்பாக்கத்துப் பொதுச் சுவர் இருபுறத்து இல்லங்களின் கூரையையும் தாங்கி நிற்கின்றது. இப்புறத்தார் அப்புறத்தார்க்குத் தந்தைவழி யாதொரு மாசையும் தரவில்லை, அவரிடமிருந்து பெறவுமில்லை. இருபுறத்து உயிர்கட்கும் உள்ளது ஓரிருளே. வேண்டப்படுவதும் ஓரொளியே. அவ்வொளி குலம் வினவி எழுவதன்று என்பது தெளிக.

சிவம்.